கொடுமையில் வாழும் ஊரை உருவாக்குவது எப்படி? புதிய கேம் மாஸ்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் விளையாட்டில், உலகத்தைப் படைத்து ஆட்டத்தை நடத்துபவர் கேம் மாஸ்டர். முதன்முதலாக கேம் மாஸ்டராக உட்காருபவர் ஒரு தீய ராஜ்யத்தை உருவாக்கினால் அது பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். கறுத்த வானம், மண்டையோடு பதித்த கோட்டை, சிரித்துக்கொண்டே சவுக்கை வீசும் காவலர்கள், காரணமே இல்லாமல் எல்லோரையும் வெறுக்கும் ஓர் அரசன். பிளேயர்கள் உள்ளே போவார்கள், காவலர்களை வெட்டுவார்கள், அரசனை வீழ்த்துவார்கள், அடுத்த வாரம் வேறு ஊர். ஒரு சாயங்காலம் ஜாலியாகப் போகும், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஊர் யார் மனதிலும் நிற்காது. அங்கே யாரும் சோறு பொங்குவதில்லை, வாடகை கட்டுவதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பதில்லை. ஆள் வாழாத ஊரில் கொடுமை நடந்தால் யாருக்கு வலிக்கும்?

சாதாரண மனிதர்கள் ஒரு கொடுமையின் தயவில் நிம்மதியாக வாழும் இடம்தான் தீய சமூகம். அதை மேசையில் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். நீங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆடினாலும் சரி, பாத்ஃபைண்டர் ஆடினாலும் சரி, விதிப்புத்தகம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். சொல்வது புரிய வேண்டும் என்பதற்காக, கூடவே ஓர் ஊரையும் கட்டிக்கொண்டே போவோம். பெயர் சுடரூர்.

தீமையைப் பிறப்பில் வைக்காதீர்கள்

1974-இல் டி அண்ட் டி முதலில் வந்தபோது அலைன்மென்ட், அதாவது ஒரு பாத்திரத்தின் குணச்சாய்வு, மூன்றே மூன்று: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். எழுபதுகளின் பிற்பகுதியில் அதனோடு நல்லது, கெட்டது என்ற அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களானது. ஒவ்வொரு ஜீவராசிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. ஆர்க் எனும் முரட்டு அரக்க இனம் என்றால் கெட்டது, அவ்வளவுதான். 1978-இல் வந்த சாகசங்களில் டிரௌ என்ற இனம் களமிறங்கியது: பூமிக்கடியில் நகரம் கட்டி வாழ்பவர்கள், பெண் பூசாரிகளின் ஆட்சியில் இருப்பவர்கள், லோல்த் என்ற சிலந்தித் தெய்வத்தைக் கும்பிடுபவர்கள், கறுத்த தோல் கொண்டவர்கள். விளையாட்டு உலகம் உருவாக்கிய தீய சமூகங்களில் மிகப் புகழ்பெற்றது இதுதான். கறுத்த தோலும் பிறவித் தீமையும் ஒரே இனத்தின் மேல் ஏற்றப்பட்டதும் இதில்தான். பல ஆண்டு விமர்சனத்துக்குப் பிறகு, 2020-இல் டி அண்ட் டி-யை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஆர்க்குகளையும் டிரௌக்களையும் மற்ற மக்களைப் போலவே சிக்கலான மனிதர்களாக இனி எழுதுவோம் என்று அறிவித்தது. 2023-இல் திருத்தி வெளியான பாத்ஃபைண்டர் விதிகளில் அலைன்மென்ட்டே எடுக்கப்பட்டுவிட்டது.

பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் பழக்கம் என்ன செய்யும் என்று நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதையே விளையாட்டிலும் ஒரு பொழுதுபோக்காகத் திரும்பச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அது கதைக்கும் கெடுதல்தான். பிறவியிலேயே கெட்டவனுக்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது, தேர்வு இல்லாதவனிடம் நாடகமும் கிடையாது.

சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். உங்கள் தீய ஊரில் பிறந்த குழந்தையை வேறு ஊரில் வளர்த்தால் எப்படி இருக்கும்? எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும் என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். சுடரூரில் மனிதர்களும் குள்ளர்களும் எல்ஃபுகளும் கலந்து வாழ்கிறார்கள். கொடுமையால் லாபம் பார்ப்பவர்களிலும் எல்லா இனமும் உண்டு, பாதிக்கப்படுபவர்களிலும் எல்லா இனமும் உண்டு.

ஒரே கொடுமை, ஒரே வாக்கியம்

புதியவர்கள் தீமையைக் குவிப்பார்கள். அடிமைச் சந்தை, நரபலி, சித்திரவதைக் கூடம், நரமாமிசம், எல்லாம் ஒரே ஊரில். மூன்றாவது கொடுமைக்கு வரும்போது பிளேயர்கள் மரத்துப்போய்விடுவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: யார், யாரிடமிருந்து, எதை, எதற்காக எடுக்கிறார்கள்?

சுடரூரின் வாக்கியம்: ஊரின் அணையா விளக்குகள் எரிவதற்காக, ஏழைகளின் ஆயுளிலிருந்து ஆண்டுகள் எடுக்கப்படுகின்றன.

ஒரு விளக்கு ஒரு வருடம் எரிய, யாரோ ஒருவருடைய ஆயுளில் ஒரு வருடம் வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வரும். பணம் இருப்பவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை அமர்த்திக்கொள்ளலாம். பணம் இல்லாதவர் தன் வருடங்களை விற்று வாடகை கட்டுவார். அதனால் சுடரூரின் கீழ்த்தெருக்களில் இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஐம்பது வயது முகம் இருக்கும். வெளியூரிலிருந்து வருபவர் கண்ணில் படும் ஒரே அடையாளம் அதுதான். முதலில் அவருக்கு அது என்னவென்றே புரியாது.

1991-இல் வெளிவந்த, டி அண்ட் டி-யின் கற்பனை உலகங்களில் ஒன்றான டார்க் சன் இதற்கு நல்ல பாடம். அங்கே மந்திரம் போடும்போது சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்ச முடியும், மண் சாம்பலாகும். அந்த ஒரு கொடுமையிலிருந்தே மற்ற எல்லாம் பிறக்கிறது: உலகம் பாலைவனமானது, தண்ணீருக்கு அடிதடி, நகரங்களைக் கையில் வைத்திருக்கும் மந்திர அரசர்கள், அவர்களுக்கு உழைக்கும் அடிமைகள். மூலம் ஒன்றாக இருந்தால் விளைவுகள் எத்தனை வந்தாலும் பிளேயர்களுக்குக் குழப்பம் வராது.

ஊர் நன்றாக இருக்க வேண்டும்

பலர் தவறவிடும் படி இது. கொடுமை யாருக்காவது உபயோகப்படாவிட்டால் அது நூறு வருடம் நீடிக்காது. ஆகவே பக்கத்து நல்ல ஊர்களைவிட உங்கள் தீய ஊரில் சிறப்பாக இருக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். மனசாட்சியோடு எழுதுங்கள், உங்களுக்கே அங்கே குடியேறலாமா என்று ஒரு நிமிஷம் தோன்ற வேண்டும்.

சுடரூரில் நடுராத்திரி தாண்டியும் சந்தை நடக்கும். பெண்கள் தனியாக நடந்து வீடு திரும்புவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி வெளிச்சம் இருப்பதால் நெசவும் நகைவேலையும் இரண்டு ஷிப்ட் ஓடும், அந்த நுணுக்கமான வேலைக்கு நாடு முழுக்கக் கிராக்கி. நூலகம் விடியும்வரை திறந்திருக்கும், காசு கேட்க மாட்டார்கள். வைத்தியசாலையில் எந்நேரமும் அறுவை செய்வார்கள்.

பாத்ஃபைண்டர் உலகத்திலுள்ள செலியாக்ஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோடன் என்ற தெய்வம் இறந்தபின் அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உள்நாட்டுப் போர். கடைசியில் த்ரூன் வம்சம் நரகத்துப் பிசாசுகளோடு ஒப்பந்தம் போட்டு வென்றது, நாட்டுக்கு அமைதி வந்தது. மக்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்கவே வேண்டாம். முப்பது வருடம் பிணம் எடுத்தவர்களுக்கு, எந்தக் கையொப்பத்தில் வந்ததாக இருந்தாலும் அமைதி அமைதிதான். டி அண்ட் டி-யின் இன்னொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் வரும் தேய் நாடு இன்னொரு வகை. அடிமைகளின் உழைப்பில் சிவப்பு மந்திரவாதிகள் ஆளும் நாடு. ஆனால் வேற்றூர்களில் அவர்கள் வியாபாரக் குடியிருப்பு அமைத்து மந்திரப் பொருள்களை மரியாதையாக விற்பார்கள், அந்த ஊர்ச் சட்டத்துக்கும் கட்டுப்படுவார்கள். உங்கள் பிளேயருக்கு நெருப்புவாள் வேண்டும், கடையில் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. வாங்குவாரா? கோட்டை வாசலில் வரும் சண்டையைவிட இந்தக் கடை வாசலில் வரும் யோசனை பெரியது.

அவர்கள் சொல்லும் நியாயத்தை எழுதுங்கள்

யாரும் தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுவதில்லை. ஊருக்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும், அது கிட்டத்தட்ட உண்மையாகவும் இருக்க வேண்டும். பேரப்பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பாட்டி சொல்லும் பதிலாக எழுதிப் பாருங்கள், நன்றாக வரும்.

"ஏன் பாட்டி அந்த அண்ணனுக்கு நரைச்சிருக்கு?"

"அவங்க வீட்டு முறை வந்துச்சு கண்ணு. அவர் கொடுத்த வெளிச்சத்துலதான் நீ தூங்குற. தெருவுல பார்த்தா கும்பிடணும், தெரியுமா?"

சுடரூரைச் சுற்றிச் சதுப்புநிலம். ராத்திரியில் மூடுபனியோடு ஏதோ ஒன்று வரும், வெளிச்சம் இல்லாத இடத்தில் ஆளைத் தின்னும். இது கட்டுக்கதை இல்லை, நிஜமாகவே வரும். விளக்கு இருந்தால் அண்டாது. ஆக விளக்கு வேண்டும் என்பது உண்மை.

இந்த உண்மைக்குள் ஒரு பொய்யை ஒளித்துவையுங்கள். மதில் முழுக்க விளக்கு வைக்க 300 போதும். ஊரில் எரிவதோ 2,000. மீதி 1,700 விளக்குகளில் பெரும்பாலானவை மேல்த்தெரு மாடிகளிலும் பூந்தோட்டங்களிலும் எரிகின்றன. ஊரில் 20,000 பேர். அந்த 300 விளக்கை எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு வருடத்தில் ஆறு நாள்கூட வராது. இந்தக் கணக்கை நீங்கள் சொல்லாதீர்கள். எண்களை மட்டும் ஆங்காங்கே தூவிவிடுங்கள். மேசையில் யாராவது ஒருவர் போனை எடுத்துக் கணக்குப் போடுவார். அவர் நிமிர்ந்து பார்க்கும் நேரத்துக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

நியாயத்தை முழு உண்மையாக்கினால், கொடுமை இல்லாமல் ஊர் பிழைக்காது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். பிளேயர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. முழுப் பொய்யாக்கினால் ஊர்க்காரர்கள் எல்லோரும் முட்டாள்கள். முக்கால்வாசி உண்மை என்பதுதான் நான் பரிந்துரைக்கும் அளவு.

சட்டமும் கணக்கும்

ஒரு ஊரின் தீமையை ரத்தம் காட்டுவதைவிடக் காகிதம் நன்றாகக் காட்டும். வரலாற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் நிலத்தில் உழைத்தவர்கள் ஹெலட்டுகள். உழுது விளைவித்து ஸ்பார்ட்டரைச் சாப்பிடவைத்தவர்கள் அவர்கள்தான். எஃபோர் எனப்படும் அதிகாரிகள் ஒவ்வொரு ஆண்டும் பதவியேற்றதும் முதலில் இந்த ஹெலட்டுகள் மேல் போர் அறிவிப்பார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எதற்கு? போரில் எதிரியைக் கொன்றால் பாவம் ஒட்டாது. சடங்குத் தீட்டுப் படாமல் தன் வயலில் உழைப்பவனைக் கொல்வதற்கு ஆண்டுதோறும் ஒரு நடைமுறை. இதில் அரக்கச் சிரிப்பு எதுவும் இல்லை. பக்தியுள்ள, விதிக்குக் கட்டுப்பட்ட ஒரு சமூகம் செய்த காரியம் இது. உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு சடங்கு யோசியுங்கள்: கை கறைபடாமல் இருக்க இவர்கள் வருடா வருடம் என்ன செய்கிறார்கள்?

இரண்டாவது, சாங் கப்பல். 1781-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி ஜமைக்காவுக்குப் போன இந்த லிவர்பூல் கப்பலிலிருந்து, தண்ணீர் தட்டுப்பாடு என்று காரணம் சொல்லி, 130-க்கும் மேற்பட்ட மனிதர்களைக் கடலில் வீசினார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது 1783-இல். கொலை வழக்காக இல்லை. இழந்த சரக்குக்குத் தலைக்கு 30 பவுண்டு காப்பீட்டுப் பணம் கேட்டுக் கப்பல் உரிமையாளர்கள் போட்ட வழக்காக. முதல் ஜூரி உரிமையாளர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பிறகு மறுவிசாரணைக்கு உத்தரவானாலும், கொலைக்காக யாரும் கூண்டில் ஏறவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் படித்தவர்கள், நல்ல உடை உடுத்தியவர்கள், ஒழுங்கு விதிப்படி பேசியவர்கள். எந்த மண்டையோட்டுக் கோட்டையையும்விட எனக்கு அந்த அறை பயங்கரமாகத் தெரிகிறது.

விளையாட்டு உலகத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. டிரௌக்களின் மென்சோபெரான்சன் நகரத்தில் ஒரு பிரபு வம்சம் இன்னொன்றை ராத்திரியோடு ராத்திரியாக அழிக்கலாம். அழிந்த வீட்டைச் சேர்ந்த பிரபு ஒருவர் பிழைத்து வந்து குற்றம் சாட்டினால்தான் தண்டனை, அப்போது தாக்கிய வம்சமே ஒழிக்கப்படும். யாரும் மிஞ்சாவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சட்டம் தெரிந்தால் போதும், அந்த ஊரில் குழந்தையை எப்படி வளர்ப்பார்கள், விருந்தில் எங்கே உட்காருவார்கள், ராத்திரி எப்படித் தூங்குவார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சுடரூருக்கு நான் செய்வது ஒரு பதிவேட்டுப் பக்கம். உண்மையான தாளில் எழுதி, டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்து, மேசையில் கொடுப்பேன்:

*கொல்லர் தெரு, 7-ஆம் வீடு. மாதி, வயது 34. கொடுத்தது: 6 ஆண்டு. ஈடு: வாடகை பாக்கி தள்ளுபடி.*
*மேற்படி வீடு. கணவன், காலமானார். கொடுத்தது: 19 ஆண்டு. ஈடு: தீர்ந்தது.*
*மேற்படி வீடு. மகள், வயது 9. பதிவு மட்டும். அடுத்த முறை: ஐப்பசி.*

இதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். "பதிவு மட்டும்னா என்ன?" என்று அவர்களே கேட்கட்டும்.

ஐந்து பேரை எழுதுங்கள்

ஊரை விவரிப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல் ஐந்து என்பிசிக்களை, அதாவது நீங்களே பேசி நடத்தும் ஊர்ப் பாத்திரங்களை, எழுதுங்கள். கொடுமையால் வாழும் ஓர் அன்பான ஆள். அதை நடத்தும் ஓர் அதிகாரி. அதில் நசுங்கும் ஒருவர். கீழிருந்து வந்து, இப்போது தடியைக் கையில் பிடித்திருக்கும் ஒருவர். மறுத்துவிட்ட ஒருவர்.

அன்பான ஆள் மிக முக்கியம். நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களில் பலர் வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு விசாரிப்பவர்கள், ஊர்த் திருவிழாவுக்கு முதல் ஆளாய் நன்கொடை கொடுப்பவர்கள். நல்ல குணமும் அந்தக் குவளையும் ஒரே கடையில் இருந்தன. சுடரூரில் பிளேயர்களுக்கு இடம் கொடுக்கும் விடுதிக்கார அம்மாளை அப்படி எழுதுங்கள். அடிபட்டவருக்கு ராத்திரி கஞ்சி வைத்துக் கொடுப்பவர். அவர் மாடியில் பதினோரு விளக்கு.

அதிகாரியை விளக்குக் கணக்கர் என்று வைத்துக்கொள்வோம். குரலை உயர்த்தவே மாட்டார். "வாங்க தம்பி, உட்காருங்க. இடது கையை நீட்டுங்க, வலிக்காது. சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல கொடுத்தா தலை சுத்தும்." அவர் அக்கறையாகக் கேட்பது நடிப்பில்லை. முப்பது வருடமாக இதே வேலை, ஒரு நாள்கூட ஒருவருக்கும் அதிகமாக எடுத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. லஞ்சம் வாங்க மாட்டார். பிளேயர்கள் அவரை வெறுக்க முயன்று திணறுவார்கள், அந்தத் திணறல் நல்லது.

நசுங்குபவரை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். மீட்பதற்காகக் காத்திருக்கும் பொம்மையாக, பதிவேட்டில் வந்த மாதியை எழுதாதீர்கள். மாதிக்கு வேலை இருக்கிறது, தெருவில் சண்டை இருக்கிறது, கேலி பேசத் தெரியும், பிடிக்காத மச்சினி இருக்கிறாள், மகளை நெசவு கற்கச் சேர்க்கத் திட்டம் இருக்கிறது. பிளேயர்கள் வருவதற்கு முன்பே எதிர்ப்பு நடந்துகொண்டிருக்க வேண்டும்: கீழ்த்தெருப் பெண்கள் ஐந்து வருடமாகப் பதிவேட்டில் பிள்ளைகளின் பிறந்த ஆண்டைத் தள்ளிப்போட்டு எழுதவைக்கிறார்கள். உங்கள் வீரர்கள் அதற்குத் தோள் கொடுக்கலாம், குட்டையைக் குழப்பவும் செய்யலாம்.

மற்ற இருவரையும் இரண்டிரண்டு வரியில் எழுதினால் போதும். விளையாட்டில் தேவைப்படும்போது வளர்த்துக்கொள்ளலாம்.

மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

கட்டுரையில் இங்கே வந்தாலும் காலத்தில் இது முந்தியது. கேம்பெய்ன், அதாவது பல செஷன்களாக (அமர்வுகளாக) நீளும் தொடர்கதை, தொடங்கும் முன் செஷன் ஜீரோ என்று ஒரு நாள் ஒதுக்கிப் பேசுங்கள். "ஒரு ஊர், ஏழைகளின் ஆயுளை எடுத்து வாழுது. குழந்தைகள் பேரும் பதிவேட்டுல வரும். இது உங்களுக்கு ஓகேவா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று மறைக்காதீர்கள். என்ன வகைக் கதை என்று தெரிந்து ஆடுபவர்கள்தான் அதில் ஆழமாக இறங்குவார்கள்.

உலகம் முழுக்க விளையாட்டுக் குழுக்கள் பயன்படுத்தும் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த கோடுகளும் திரைகளும். கோடு என்றால் அந்த விஷயம் கதையில் வரவே வராது. திரை என்றால் நடந்ததாக வைத்துக்கொள்வோம், ஆனால் காட்டமாட்டோம், அங்கே காட்சி மாறிவிடும். மற்றொன்று ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு. ஒரு அட்டையில் எக்ஸ் எழுதி நடுவில் வைப்பது. யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

நம் மேசைகளில் இதற்கு இன்னும் அதிகத் தேவை. சாதிக் கொடுமையை வீட்டில் அனுபவித்த ஒருவர் அதை நண்பர்களிடம் சொல்லாமலே வருடக்கணக்கில் பழகியிருக்கலாம். இலங்கையில் போரைப் பார்த்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு, பெயர்ப்பட்டியலை வாசித்து ஆட்களை அழைத்துப்போகும் காட்சி கற்பனையாக இருக்காது. எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லச் சங்கடப்படுவார்கள். தனித்தனியாக வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வந்த பதில்களைப் பெயர் சொல்லாமல் கோடுகளாக எழுதி வைத்துவிடுங்கள்.

காட்சி விவரிப்புக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறேன். ஆயுள் எடுக்கும் அறையின் கதவுவரைதான் போவேன். உள்ளே நடப்பதை விவரிப்பதில்லை. வெளியே வருபவர் படியில் இறங்கக் கைப்பிடியைத் தேடுவதை மட்டும் சொல்வேன். வலியை விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தால் அது சீக்கிரமே வேடிக்கையாகிவிடுகிறது, அதை நான் விரும்பவில்லை.

முதல் செஷன்

பிளேயர்களைச் சாயங்காலம் கொண்டுவாருங்கள். சதுப்பில் மூடுபனி ஏறுகிறது, பின்னால் ஏதோ நகரும் சத்தம், தூரத்தில் மதில் முழுக்க வெளிச்சம். ஓடி வந்து வாசலுக்குள் நுழையட்டும். சுடரூர் முதலில் அவர்களைக் காப்பாற்ற வேண்டும்.

வாசலில் காவலர் மரியாதையாகச் சொல்வார்: வெளியூர்க்காரர் தங்குவதென்றால் ஆளுக்கு ஒரு நாள் ஆயுள், அல்லது ஐந்து வெள்ளி. ஒரு நாள்தானே என்று சிலர் கையை நீட்டிவிடுவார்கள். சிலர் வெள்ளி கொடுப்பார்கள். அந்த வெள்ளி எங்கே போகிறது? கீழ்த்தெருவில் யாரோ ஒருவருடைய ஒரு நாளை வாங்கப் போகிறது. யாராவது கேட்டால் காவலர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதைப் பொறியாக வைக்காதீர்கள். "மாட்டினீங்களா!" என்று கேம் மாஸ்டர் குதூகலித்தால் நம்பிக்கை போய்விடும். மூன்றாவது வழியும் இருக்கட்டும்: மதிலுக்கு வெளியே, கடைசி விளக்கின் வெளிச்ச விளிம்பில் கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஊரை மறுத்தவர்கள் அவர்கள். அங்கே போகலாம், ஆனால் ராத்திரி தூங்க முடியாது.

அப்புறம் அவசரப்படாதீர்கள். சந்தையைச் சுற்றிக் காட்டுங்கள், நூலகத்தைக் காட்டுங்கள், விடுதி அம்மாளின் கஞ்சியைக் கொடுங்கள். தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் நரைத்த ஆளிடம் யாராவது வயது கேட்டால் "இருபத்தாறு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போகட்டும். முதல் செஷனுக்கு இது தாராளம். பதிவேட்டுப் பக்கம் இரண்டாவது செஷனில்.

எதிர்க்க ஆரம்பித்தால்

ஆரம்பிப்பார்கள். அப்போது ஒரு அரசனைக் கொன்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று வைக்காதீர்கள். டார்க் சன்னின் டிர் நகரத்தில் காலக் என்ற மந்திர அரசன் கொல்லப்பட்டான், அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அதோடு கதை முடியவில்லை. ஊரிக் என்ற இன்னொரு நகரத்தோடு போர் வந்தது, விடுதலையான நகரம் தன்னைத்தானே நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக எதுவுமே மாறாது என்ற பக்கமும் போய்விடாதீர்கள். எவ்வளவு முட்டினாலும் இடியாத சுவரில் யாரும் நாலாவது செஷனுக்கு மேல் முட்ட மாட்டார்கள். சிறு வெற்றிகள் உடனே கண்ணில் தெரிய வேண்டும்: ஒரு குழந்தையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியது, ஒரு மாடியில் விளக்குகள் தானாகவே இறக்கப்பட்டன.

சில குழுக்கள் எதிர்க்காமல் ஊரோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கணக்கரிடம் வேலைக்குச் சேரலாமா என்று கேட்பார்கள். சேரட்டும். ஆனால் முதல் நாளே கொல்லர் தெரு 7-ஆம் வீட்டுக்கு வசூலுக்கு அனுப்புங்கள். கதவைத் திறப்பது மாதியாக இருக்கட்டும். அவர் அழக்கூடாது, "உள்ள வாங்க, பொண்ணு தூங்குறா, சத்தம் போடாதீங்க" என்று மட்டும் சொல்லட்டும். அதற்குப் பிறகும் தொடர விரும்பினால் அது அவர்கள் கதை. மேசையில் எல்லோருக்கும் சம்மதமா என்று ஒருமுறை நிறுத்திக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

எதிர்ப்பு தொடங்கிய செஷனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது. விளக்குகள் 2,000-இலிருந்து 300-க்குக் குறைந்தால் யார் யார் என்னென்ன இழப்பார்கள் என்று எழுதுங்கள். நகைப்பட்டறைகளின் ராத்திரி ஷிப்ட் நிற்கும், அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் கீழ்த்தெருக்காரர்கள். நூலகம் அஸ்தமனத்தோடு பூட்டப்படும். வருடங்களை விற்று வாடகை கட்டியவர்களுக்கு அடுத்த மாத வாடகைக்கு வழி இருக்காது. விடுதி அம்மாளின் பதினோரு விளக்கில் பத்து போகும். இவர்களில் முதலில் பிளேயர்களைத் தேடி வருவது யார் என்று தேர்ந்தெடுங்கள். நானாக இருந்தால் விடுதி அம்மாளை அனுப்புவேன், கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு, சண்டை போட அல்ல, கெஞ்ச. அவர் பேசப்போகும் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பிளேயர்களின் பதிலைக் கேட்டுவிட்டு அங்கேயே பேசிக்கொள்ளலாம்.